காலரா, கலரா? இங்கிலீசு பேசறப்ப வாய்க்குள்ள என்னதான் நடக்குது?

லேப்டிப்_அம்மணி | திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. பின்னலாடை எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல ஏழு வருசமா மெர்ச்சண்டைசரா இருக்கறனுங்க. மெயில்ல எந்தத் தகராறும் இல்லீங்க. வீடியோ கால்னாத்தான் வவுத்தக் கலக்குது.

போன மாசம் லண்டன் பையர் ஒருத்தரு போலோ டீசர்ட் ஆர்டர் பத்திப் பேசிட்டே வந்தவரு, "காலர் சரியில்ல, மாத்திப்போட்டு அனுப்புங்க"ன்னாரு. என்ற காதுல அது "கலர்"னு உளுந்துபோச்சு. நானும் டையிங்குக்கு ஓடி, புதுசா லேப் டிப் (கலர் பாக்கறதுக்குச் சாயம் போட்ட சின்னத் துணித் துண்டு) போடச் சொல்லி, மூணு நாளுங்க. கடைசில அவரு கழுத்தைத் தொட்டுக் காட்டுனாரு பாருங்க, அப்பத்தான் வெளங்குச்சு. டையிங் மாஸ்டர் இன்னும் எங்கூட நாயம் பேசறதில்ல.

போதாக்குறைக்கு, நான் "சாம்பிள்"னு சொல்றப்பெல்லாம் அந்த மனுசன் ஒரு நொடி முழிக்கறாரு. இது நாக்குக் கோளாறா, காதுக் கோளாறா? ஸ்போக்கன் இங்கிலீசு கிளாசுல போய்ச் சேருன்னு மேனேஜர் சொல்றாரு. அங்க போய்ப் பாத்தா, "குட் மார்னிங்" சொல்றதுக்கே ரெண்டு வாரம் ஆக்கறாங்க. ஒலி எப்படிப் பொறக்குதுன்னு தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா அடியிலிருந்து சொல்லுங்க.

நொய்யல் | ஒரத்துப்பாளையம் பக்கம்

அந்தாளுக்கு நம்மூருப் பேரு வாயில வருதுங்களா? "டிருப்பர்"ங்கறான். நாம ஒரு நாளாச்சும் அவனைக் கிளாசுக்குப் போகச் சொன்னமா? சும்மா விட்டுத் தள்ளுங்க அம்மணி.

லேப்டிப்_அம்மணி

காசு குடுக்கறது அவருங்க அண்ணா. அவரு எப்படிச் சொன்னாலும் அது திருப்பூருதான்.

சென்னிமலை_வாத்தியார் | ஓய்வு

அம்மணி, உங்க காதுல கோளாறு ஒண்ணும் இல்லை. அது தேடின அடையாளம்தான் வேற.

இங்கிலீசுல எழுத்து 26, ஒலி 44. மெய் 24, உயிர் 20. லண்டன் பக்கம் படிச்சவங்க பேசற பேச்சுக்கு இந்தக் கணக்கு. அமெரிக்காவுக்கு வேற கணக்கு. உயிரொலிக்கு வாயில எந்தத் தடையும் இருக்காது. நாக்கு எவ்வளவு மேல ஏறுது, முன்னாலயா பின்னாலயா, உதடு குவியுதா விரியுதா, இந்த மூணுதான் ஒரு உயிரை இன்னொண்ணுலயிருந்து பிரிக்குது.

நம்ம வாயில காலருக்கும் கலருக்கும் வித்தியாசம் நீளம்தான். ஒண்ணு நெடில், ஒண்ணு குறில். உங்க பையர் வாயில ரெண்டுமே குறில். சட்டைக் காலரைச் சொல்றப்ப நாக்கோட பின்பக்கம் கீழே போய், உதடு லேசாக் குவியும். நம்ம "ஒ"வை விட வாய் நல்லாத் திறந்திருக்கும். நிறத்தைச் சொல்றப்ப உதடு குவியாது, நாக்கு நடுவில நிக்கும். அவர் உதட்டை வெச்சுப் பிரிச்சார், நீங்க நீளத்தைத் தேடினீங்க. நெடில் காதுல விழலை, அதனால கலர்னு முடிவு கட்டிட்டீங்க. கடைசியில இருக்கிற "ர்" ரெண்டுலயும் அவருக்குக் கிடையாது. நாக்கு எந்தப் பக்கமும் சாயாம, சோம்பேறித்தனமா ஒரு "அ" மாதிரி முடியும். ஷ்வான்னு பேரு. இங்கிலீசுல அடிக்கடி வர்ற உயிர் அதுதான், ஆனா அதுக்குன்னு ஒரு எழுத்து கிடையாது.

அடுத்த கால்ல காதை மூடிட்டு உதட்டைப் பாருங்க.

பம்புசெட்டு | கணபதி, கோவை

நான் பவுண்டரிக்காரன், எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். நுரையீரல்தான் கம்ப்ரெசர். தொண்டையில ஒரு வால்வு. அதுக்கு மேல வாய்க்கும் மூக்குக்கும் ரெண்டு லைன் பிரியுது. நாக்கும் உதடும் நாசில். காத்தை முழுசா அடைச்சுப் படக்குனு விட்டா ப, ட, க மாதிரி. சின்ன சந்துல சீறவிட்டா ஸ, ஃப மாதிரி. வாயை அடைச்சு மூக்கு லைனைத் திறந்துவிட்டா ம, ன. அவ்வளவுதானுங்க. மூளை அந்த வால்வை ஒவ்வொரு தடவையும் திறந்து மூடிட்டே இருக்கு, அதுல சத்தம் வருது.

இன்னொண்ணு. பரிதாபப்பட்டு "ப்ச்" கொட்டறோம், மாட்டை ஓட்டறப்ப நாக்கை மடிச்சு "டொக்"குனு ஒரு சத்தம் குடுக்கறோம். அதுக்கெல்லாம் கம்ப்ரெசர் ஓடாது. வாய்க்குள்ள உறிஞ்சறது. மூச்சை நிறுத்திட்டுக்கூடச் செய்யலாம். இங்கிலீசுச் சொல்லுல அப்படி ஒலி ஒண்ணுகூட இல்லை, எல்லாமே நுரையீரல்ல இருந்து வெளியே வர்ற காத்துதான். தெற்கு ஆப்பிரிக்காவுல ஜூலு, ஷோசா பேசறவங்களுக்கு அந்த உறிஞ்சல் சொல்லுக்குள்ளயே வருது.

குரல்வளை | பேச்சுப் பயிற்சியாளர், கோவை

பம்புசெட்டு அண்ணா, லைன் எல்லாம் சரி. வால்வுலதான் திருத்தம். அந்த வால்வுதான் குரல்நாண், தொண்டையில இருக்கிற ரெண்டு சதை மடிப்பு. மூளை ஒவ்வொரு தடவையும் திறந்து மூடறது இல்லை. ஆம்பளைக் குரல்ல குரல்நாண் நொடிக்கு 100ல இருந்து 120 தடவை வரை அதிருது, பொம்பளைக் குரல்ல 200 கிட்ட. அந்த வேகத்துக்குத் தசைக்குத் தனித்தனியா உத்தரவு போட முடியாது. உங்க நாதஸ்வரச் சீவாளியை நெனைச்சுக்குங்க. ரெண்டு பட்டையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஊதினா, காத்தே அதைத் தள்ளித் திறக்குது, பட்டையோட விறைப்பும் காத்தோட ஓட்டமும் சேர்ந்து திரும்ப மூடுது. மூளை செய்யறது, நாணைக் கிட்டக் கொண்டுவந்து இறுக்கி வெக்கறது மட்டும். 1958ல வான் டென் பெர்க்னு ஒரு டச்சு ஆய்வாளர் இதைத் தெளிவா எழுதி வெச்சார்.

குரல்நாண் வேலை செய்யறதை முதல்ல கண்ணால பாத்து எழுதினவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். மேனுவல் கார்சியா. 1854ல பல் டாக்டர் வெச்சிருக்கிற சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள்ள விட்டு, இன்னொரு கண்ணாடியில வெயிலைத் திருப்பிப் பாத்தார். அந்த மனுசன் 101 வயசு வரைக்கும் இருந்தார்.

மூணாஞ்_செமஸ்டர் | ஈரோடு

சார், மேடம், எனக்கு வர்ற வாரம் வைவா. "ஒலிப்பிலா ஈரிதழ் வெடிப்பொலி"ன்னு ஒவ்வொரு மெய்யுக்கும் மூணு பேரு சொல்லோணும். 24ம் மனப்பாடம். ஆனா ஒலிப்பு இருக்கு, இல்லைன்னா என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எங்க கிளாசுல யாரும் காட்டலை. போர்டுல ரெண்டு பட்டியல் எழுதிப் போட்டாங்க, அவ்வளவுதான்.

குரல்வளை

மூணு பேரும் மூணு கேள்விக்குப் பதில் தம்பி. நாண் அதிருதா? எங்க அடைக்குது? எப்படி அடைக்குது?

முதல் கேள்விக்கு: விரலைக் கொரவளை மேல வெச்சு "ஸ்ஸ்ஸ்"னு இழு. ஒண்ணும் தெரியாது. அப்படியே நாக்கை அசைக்காம, தேனீ மாதிரி ரீங்காரம் குடு. விரல்ல கிறுகிறுன்னு வரும். அதுதான் ஜீப்ராவுல இருக்கிற ஒலி. நாம அதை "ஜீப்ரா"ன்னு மாத்திச் சொல்றோம், உண்மையில அது ஸ-வுக்குக் குரல் குடுத்தது. நாக்கு இருக்கிற இடம் ஒண்ணேதான். அதே மாதிரி கீழுதட்டை மேல்பல்லுல லேசா வெச்சு ஊதினா ஃபேன்ல இருக்கிற ஒலி. அதுக்குக் குரல் குடுத்தா வேன்ல இருக்கிறது.

இப்ப அம்மணி சமாச்சாரம். தமிழெழுத்துல ரெண்டு ப-வைப் பிரிச்சுக் காட்ட முடியாது, அதனால போன்ல ஸ்பெல்லிங் சொல்ற மாதிரியே சொல்றேன்: பாரிஸ்-பி, பாம்பே-பி.

சொல்லோட முதல்ல வர்ற பாரிஸ்-பியை இங்கிலீசுக்காரர் சொல்றப்ப உதடு திறந்ததும் குரல் உடனே வராது. நடுவுல வெறுங்காத்து "ப்ஹ்"னு போகும். 1964ல லிஸ்கர், ஆப்ராம்சன்னு ரெண்டு ஒலி ஆய்வாளருங்க 11 மொழியில இந்த இடைவெளியை அளந்தாங்க, அதுல தமிழும் ஒண்ணு. இங்கிலீசு பாரிஸ்-பிக்குச் சராசரி 58 மில்லி செகண்டு. இங்கிலீசு பாம்பே-பிக்கு 1. நம்ம "பழம்" ப-வுக்கு 12. நம்ம ப எதுக்குக் கிட்ட இருக்குன்னு நீங்களே பாருங்க. நீங்க சுத்தமா "பேக்கிங்"னு சொன்னாலும் அவர் காதுல அது பாம்பே-பி பக்கமா சாயும். நாக்குத் தடிப்பு, தமிழ் வாடைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 40, 50 மில்லி செகண்டு கணக்கு இது.

சோதனை ரொம்பச் சுலபம். ஒரு முழ நூலை உதட்டுக்கு முன்னால தொங்கவிட்டு "பின்" சொல்லுங்க. அவங்க சொன்னா நூல் துள்ளும். அப்புறம் "ஸ்பின்" சொல்லுங்க, அவங்க சொன்னாலும் துள்ளாது. முன்னால ஸ் வந்தா அந்தக் காத்து அடங்கிடும். ஸ்பின்னிங் மில்லுல நம்ம ப-வே போதும்.

லேப்டிப்_அம்மணி

செஞ்சு பாத்தனுங்க! சாம்பிள் ரூம்ல 30ஸ் கோம்டு நூல் கெடந்துது. நான் பின் பின்னுன்னு ஊதிட்டு இருக்க, டெய்லரக்கா "என்றா கண்ணு, யாராச்சும் செய்வினை வெச்சுப்போட்டாங்களா"ங்கறாங்க. மொதல்ல நூலு அசையவே இல்ல. இருவதாவது வாட்டி துள்ளுச்சுங்க.

ஆனா "சாம்பிள்"ல ப நடுவுல தானுங்களே வருது? அதுக்கு எதுக்கு முழிக்கறாரு?

சீனாபுரத்தான் | பெருந்துறை

புலவன் ஒருவன் இடையில் புகுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயில் எழுத்து பிறக்கும் விதத்தை நம் இலக்கணம் பிறப்பியலில் வைத்துப் பேசுகிறது. தொல்காப்பியர் காற்று உந்தியிலிருந்து எழுவதாகத் தொடங்குகிறார். நுரையீரலுக்கும் கீழே, வயிற்றுத் தசையின் உந்துதலிலிருந்து என்று கொண்டால் அது தப்பும் இல்லை. நன்னூல் மார்பு, கழுத்து, தலை, மூக்கு என நான்கு இடத்தையும், இதழ், நா, பல், அண்ணம் என நான்கு உறுப்பின் தொழிலையும் பிரிக்கிறது. தம்பியின் மூன்று கேள்வியில் இரண்டாவதற்கு முழு விடை அங்கேயே இருக்கிறது. நன்னூல் தந்த பவணந்தி எங்கள் சீனாபுரத்துக்காரர் என்று இங்கே எல்லோரும் சொல்வோம்.

உங்களுக்கு உடனே பயன்படுவது வகரம். இரு நூலும் வகரத்துக்கு மேல்பல்லையும் இதழையும் சொல்கின்றன. ஆங்கில வேனுக்கு வேண்டியதும் அதே இடம்தான், கொஞ்சம் உராய்வு கூடுதல். ஒன், வாட்டர் என்பவற்றின் முதலொலிக்கோ பல் வேண்டாம். இரண்டு உதடும் "உ" சொல்வதுபோல் குவிந்து விலக வேண்டும். நாம் இரண்டையும் ஒரே வகரத்தில் போட்டுவிடுகிறோம்.

நொய்யல்

ஐயா, பவணந்தி சனகாபுரம்னுதான் இருக்கு. அது சீனாபுரம்தான்னு யாரு முடிவு பண்ணது? கர்நாடகாப் பக்கம்னும் சொல்றாங்களே.

நெறியாளர்

பவணந்தி ஊர் எது என்கிற 14 பதிவுகளும் தனி இழைக்கு மாற்றப்பட்டன. அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

ரொறன்ரோ_பனி

நான் யாழ்ப்பாணம். உங்கட கதையை வாசிச்சுக்கொண்டு இருந்தனான். இங்கிலீசு டி-க்கு உங்கட ஆக்கள் ட போடுறீங்கள், நாக்கு மேல வளைஞ்சு போகுது. த போட்டால் பல்லில முட்டும். இங்கிலீசுக்காரற்ற நாக்கு ரெண்டுக்கும் நடுவில, மேல்பல்லுக்குப் பின்னால இருக்கிற மேட்டில முட்டும். அந்த இடம் எங்கட "காற்று", "வெற்றி"யில இருக்கு. அதுதான் நாங்கள் இந்த ஊரை ரொறன்ரோ எண்டு எழுதுறம்.

சீனாபுரத்தான்

அருமை! நாம் "காத்து" என்று சொல்லிச் சொல்லி அந்த இடத்தைப் பேச்சில் தொலைத்துவிட்டோம். நன்னூல் றகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரே இடம் சொல்கிறது. "மன்றம்" என்று எழுத்துக் கூட்டி நிதானமாகச் சொன்னால் நாக்கு தானாக அங்கே போய் நிற்கும்.

மூணாஞ்_செமஸ்டர்

ஒரு நிமிசம். எங்க வீட்டுல அங்கிள்னு கூப்பிடறமே, அதை என்ற போன்ல வாய்ஸ் டைப்பிங்கில சொன்னேன். முக்கோணத்துல வருமே, அந்த ஆங்கிள்னு போட்டுடுச்சு. பேங்க்னு சொன்னா வெடிச் சத்தம் பேங். சாம்பிளும் இதே கேசுங்களா?

குரல்வளை

தம்பி, வைவாவுக்கு வர்றவர் இதைக் கேட்டா உனக்கு முழு மார்க்கு போடோணும். அதேதான்!

தமிழ்ல மெல்லெழுத்துக்குப் பின்னால வர்ற வல்லெழுத்துக்குக் குரல் தானா ஏறிடும். பங்கு, பஞ்சு, வண்டி, பந்து, அம்பு, எதை வேணாலும் சொல்லிப் பாருங்க. "அம்பு"ல வர்றது பாம்பே-பி. "பஞ்சு"ல ச-வே கிடையாது, ஜ. நாம யோசிச்சுச் செய்யறதில்லை, ம்-முக்கு அதிர்ந்துட்டு இருக்கிற நாண் நிக்காம அடுத்த எழுத்துக்குள்ளயும் ஓடிடுது. கால்டுவெல் 1856லயே இதை ஒரு விதியா எழுதி வெச்சிருக்கார்: தமிழ்ல வல்லெழுத்து சொல்லோட முதல்ல வந்தாலும் இரட்டிச்சாலும் குரல் இல்லாம, நடுவுல தனியா வந்தாலோ மெல்லெழுத்துக்குப் பின்னால வந்தாலோ குரலோட. நமக்கு அதை எழுத்துல காட்டவே தேவையில்லை, இடமே சொல்லிடும். இங்கிலீசுல இடம் சொல்லாது. குரல் இருந்தா ஒரு சொல்லு, இல்லைன்னா வேற சொல்லு.

அதனால கம்பெனி, சிம்பிள், டெம்பிள், சாம்பிள் எல்லாத்துலயும் நாம பாம்பே-பியைப் போடறோம். அம்மணி பையருக்கு "ஸாம்பிள்" பாம்பே-பியோட போகுது, அப்படி ஒரு சொல்லே அவங்க பாஷையில இல்லை. ஒரு நொடி தேடறார்.

மருந்து: ம்-முக்கு உதடு மூடியிருக்கிறப்பவே குரலை நிறுத்தணும். அடுத்து ப். முடியலைன்னா "சாம்" சொல்லிட்டு ஒரு இம்மி நிறுத்தி "ப்பிள்"னு இரட்டிச்சுச் சொல்லுங்க. "அப்பா"வுல குரல் ஏறுதா? ஏறாது. இரட்டிச்சா தமிழ் வாய் தானா அடங்கும். நம்ம இலக்கணத்தை வெச்சே நம்ம பழக்கத்தை ஏமாத்தறது.

இது மாதிரி சும்மா கிடைக்கிற ஒலியும் இருக்கு. இங்கிலீசு "திஸ்", "தட்"டுக்குப் பல்லிடுக்குல நாக்கு வைன்னு சொல்லி, கண்ணாடி முன்னால நாக்கை நீட்டவிடறாங்க. தேவையே இல்லை. "அது"ன்னு வேகமாச் சொல்லுங்க. நடுவுல இருக்கிற த-வுல காத்து முழுசா அடைபடாம உரசிட்டே போகுது பாருங்க, கிட்டத்தட்ட அதேதான். அ-வை வெட்டிட்டா மிச்சம் அதுதான். "திங்க்", "த்ரீ"யில வர்றதுக்கு மட்டும் குரலை எடுத்துட்டு ஊதணும், அதுதான் நமக்குப் புதுசு.

சென்னிமலை_வாத்தியார்

34 வருசம் பாடம் நடத்தியிருக்கேன். நாக்கை நீட்டுன்னுதான் சொல்லிக் கொடுத்தேன். "அது"வுல இருக்குன்னு தோணவே இல்லை.

ஆனா ஒரு மாறுபாடு. எல்லாத்தையும் தமிழ் ஒலிக்குள்ளயே கண்டுபிடிச்சுக்கலாம்னு பிள்ளைங்க நெனைச்சுட்டா, ஷிப்புக்கும் ஷீப்புக்கும் நீளம் மட்டும்தான் வித்தியாசம்னு விட்டுடுவாங்க. அங்க நாக்கோட உயரமே வேற. முதல்ல 44ஐயும் தனித்தனியாக் காதுல வாங்கட்டும்.

நொய்யல்

சரிங், எல்லாஞ் சரிங். நான் மொதல்ல சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறனுங். ஆனா எங்கப்பாருக்கு இத்தனை வெவரம் இல்லாமயே மாட்டுச் சந்தையில மலையாளம், கன்னடம்னு எல்லாம் ஓடுச்சு.

குரல்வளை

அண்ணா, நீங்க எழுதின "சரிங்"கை வாய்விட்டு ஒரு தடவை சொல்லுங்க. கடைசியில "கு" வருதா?

நொய்யல்

இல்லீங். மூக்கோட நின்னுபோகுது.

குரல்வளை

அதுதான். வெளியூர்க்காரங்க நம்மளைக் கிண்டல் பண்ற அந்த "ங்", இங்கிலீசு வகுப்புல பாதிப் பேருக்கு வராத ஒலி. நாக்கோட பின்பக்கம் அண்ணத்துல ஒட்டியிருக்கும். உள்நாக்கு தொங்குற அந்த மெத்துத் திரை கீழே இறங்கி மூக்கு வழியைத் திறந்துவிடும். ஆனா கடைசியில "க்"னு உடையாது. சிங்கர்னு பாட்டுக்காரரைச் சொல்றப்ப இந்த வெறும் ங்தான் வரணும். ஃபிங்கர்னு விரலைச் சொல்றப்ப ங்-கோட க-வும் சேர்ந்து வரணும். ஸ்பெல்லிங்கைப் பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். மத்த ஊர்ல பாடகரைச் சொல்றப்பவும் க-வைச் சேர்த்துக்கறாங்க.

"கொங்கு"ன்னு சொன்னா விரல். "சரிங்"னு சொன்னா பாட்டுக்காரர்.

மூணாஞ்_செமஸ்டர்

மேடம், இதை வைவாவுல சொன்னா அடிச்சு வெரட்டுவாங்களா?

சீனாபுரத்தான்

முதலில் "ஒலிப்புடைய பின்னண்ண மூக்கொலி" என்று மூன்று பேரையும் சொல்லிவிடு. பிறகு "சரிங்" என்று காட்டு. மார்க்கு போட்டபின் வெரட்டினால் பரவாயில்லை.

லேப்டிப்_அம்மணி

நேத்துப் பொழுதோட கால் இருந்துச்சுங்க. "சாம்ப்பிள்"னு அமுத்திச் சொன்னேன். மனுசன் முழிக்கலை, பேசிட்டே போயிட்டாரு. அவரு ஒண்ணும் கவனிக்கவே இல்லைங்கறதுதான் எனக்கு நெம்ப சந்தோசம்.

காலர் சமாச்சாரத்துக்கு டையிங் மாஸ்டரே வழி சொல்லிக்குடுத்தாருங்க (இப்பப் பேசறாரு). கலர்ங்கற வார்த்தையையே எடுத்துப்போட்டு "ஷேட்"னு சொல்லுங்கறாரு. டையிங்ல எல்லாரும் அதானே சொல்றோம். நான் ஷேட்னு சொன்னதும் பையரும் ஷேட்டுக்கு மாறிட்டாரு. ஆனா வாத்தியாரய்யா சொன்னாப்பல அவரு உதட்டையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். காலருக்குக் குவியுது, நெசந்தானுங்க.

இப்பப் புதுசா ஒண்ணு கெளம்பியிருக்குது. கார்ட்டன் எத்தனைன்னு கேட்டாரு, நான் ஃபிஃப்டீன்னு சொன்னேன், அவரு ஐம்பதுன்னு எழுதிப்போட்டாரு. திரையில டைப் பண்ணதால தப்பிச்சேன். இதுல எந்த எழுத்துங்க கோளாறு?

சென்னிமலை_வாத்தியார்

எழுத்துல இல்லை அம்மணி, அழுத்தத்துல. ஐம்பதுக்கு முதல் அசையில அழுத்தம், ரெண்டாவது குட்டையாப் போயிடும். பதினஞ்சுக்கு "டீன்"லயும் அழுத்தம் விழணும், நீளமா, கடைசி ன் கேக்கற மாதிரி. நீங்க ரெண்டு அசையையும் ஒரே எடையில போட்டிருப்பீங்க, தமிழ்ல நாம அப்படித்தான் பேசறோம். அதுக்கு ஒரு பயிற்சி இருக்கு, டம்ளரைத் தட்டிக்கிட்டே சொல்றது. நாளைக்குக் காலையில விளக்கமா

லேப்டிப்_அம்மணி

நாளைக்கு எழுதுங்கய்யா, பையர் கால் வருது. "ஒன் ஃபைவ்"னு சொல்லிக்கறேன் இப்போதைக்கு.